உலோகத்திலிருந்து அணுக்களை உரிக்கும் மின்புலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடுபடுத்தாமல் உலோகம் ஆவியாகுமா?

ஆகும். அதுவும் மைனஸ் 220 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தே ஆவியாக்கலாம். டங்ஸ்டன் உருகுவதற்கே 3422 டிகிரி வேண்டும், ஆனால் அதே டங்ஸ்டனை ஊசிபோல் கூராக்கி, வெற்றிடத்தில் குளிரவைத்து, சில ஆயிரம் வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்தால் முனையிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். இதற்குப் புல ஆவியாதல் என்று பெயர். பறந்து போவது நடுநிலை அணு இல்லை, எலக்ட்ரானை உலோகத்திடமே விட்டுவிட்டுக் கிளம்பிய நேர் அயனி. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எவ்வளவு வலுவான மின்புலம் வேண்டும்?

நானோமீட்டருக்குப் பத்துகளில் வோல்ட். அலுமினியத்துக்குச் சுமார் 19, இரும்புக்கு 33, டங்ஸ்டனுக்கு 57 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் தீப்பொறி பறக்கத் தேவையான புலம் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட், அதாவது நானோமீட்டருக்கு வெறும் 0.003 வோல்ட். அதைப்போல் பத்தாயிரம் மடங்கு பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

இதைக் கேட்டதும் ராட்சத இயந்திரம் ஒன்று மனதில் வரும், ஆனால் தேவையானது கூர்மை மட்டுமே. முனையில் இருக்கும் புலத்தைக் கணக்கிட, மின்னழுத்தத்தை முனையின் ஆரத்தால் வகுத்து, ஊசியின் வடிவத்தைப் பொறுத்து 3-க்கும் 5-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் மறுபடி வகுக்க வேண்டும். ஆரம் 50 நானோமீட்டர், மின்னழுத்தம் 5000 வோல்ட், அந்த எண் 3.3 என்றால் விடை நானோமீட்டருக்கு 30 வோல்ட். ஆரத்தைப் பாதியாக்கினால் பாதி மின்னழுத்தமே போதும். டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மின்னாற்பகுப்பு முறையில் அரித்து இப்படிப்பட்ட முனையைச் செய்வது ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம்.

அணு நடுநிலையானதுதானே? மின்புலம் அதை எப்படி இழுக்கும்?

நல்ல கேள்வி, பலரும் தடுக்கி விழும் இடமும் இதுதான். புலம் ஏதோ கொக்கி போட்டு அணுவைப் பிய்த்தெடுக்கிறது என்று நினைத்தால் கணக்கு ஒத்துவராது.

முதலில் உலோகப் பரப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புலம் உலோகத்துக்குள் நுழைவதே இல்லை என்று சொல்லலாம், அணுவின் அகலத்தில் ஒரு பகுதிக்குள்ளேயே எலக்ட்ரான்கள் அதை மறைத்துவிடுகின்றன. புலம் நானோமீட்டருக்கு 30 வோல்ட் என்றால் பரப்பில் ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் 1.7 எலக்ட்ரான் அளவு நேர்மின்னூட்டம் தேங்கியிருக்கும். அதே இடத்தில் ஏறக்குறைய 15 அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, அணுவுக்குப் பத்தில் ஒரு பங்கு எலக்ட்ரான்தான் குறைகிறது. முழு அயனியாக இன்னும் யாரும் மாறவில்லை, படிக்கட்டு போன்ற விளிம்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் அணுக்களில் மட்டும் இந்தப் பங்கு கொஞ்சம் கூடுதல்.

இப்போது ஆற்றல் கணக்கு. அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணுவை நடுநிலையாகவே பரப்பிலிருந்து பிரித்தெடுக்க 3.4 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) செலவு. பிரிந்த அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்ற இன்னும் 6. அந்த எலக்ட்ரானை உலோகத்துக்கே திருப்பிக் கொடுத்தால் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல், சுமார் 4.1, நமக்கு வரவாகத் திரும்பும். மொத்தத்தில் அயனியாக வெளியே போக 5.3 எலக்ட்ரான்வோல்ட் ஆகிறது. புலம் இல்லாதபோது நடுநிலையாகப் போவதுதான் மலிவு, அதனால்தான் அலுமினியத்தைச் சூடுபடுத்தினால் அணுக்கள் நடுநிலையாகவே வருகின்றன.

புலத்தைப் போட்டதும் நிலைமை தலைகீழ். நடுநிலை அணுவுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, அயனிக்கோ பரப்பை விட்டு விலகும் ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு நானோமீட்டருக்கும் ஆற்றல் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம், வெளியே வந்த நேர் அயனியை உலோகம் தன் எதிரொளி மின்னூட்டத்தால், அதாவது அயனிக்கு எதிரே கண்ணாடிப் பிம்பம்போல் பரப்பில் திரளும் எதிர்மின்னூட்டத்தால், திரும்ப இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆற்றல் மேடு உருவாகிறது, புலம் கூடக் கூட அந்த மேடு தாழும். மேடு எவ்வளவு தாழும் என்பது புலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். நானோமீட்டருக்கு 19 வோல்ட் என்ற புலத்தில் தாழும் அளவு 5.2 எலக்ட்ரான்வோல்ட், செலவோ 5.3. அதாவது மேடு கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. அப்புறம் அணுவைத் தடுக்க என்ன இருக்கிறது?

இந்த எதிரொளி மேடு விளக்கம் உண்மையில் சரியா?

எண்கள் சரி, படம் சந்தேகத்துக்குரியது. மேட்டின் உச்சி பரப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதே சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டால் அலுமினியத்துக்கு 0.14 நானோமீட்டர் வரும். அலுமினிய அணுவின் ஆரமும் அதே அளவுதான்! அணு இன்னும் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு "தனி அயனி" என்றும் "எதிரொளி மின்னூட்டம்" என்றும் பேசுவது கொஞ்சம் அசட்டுத்தனம். 1960-களில் கோமர், ஸ்வான்சன் இருவரும் இதற்கு மாற்றாக மின்னூட்டப் பரிமாற்றப் படத்தை முன்வைத்தார்கள். அதில் அணு வெளியே நகரும்போது அணு நிலையின் ஆற்றல் கோடும் அயனி நிலையின் ஆற்றல் கோடும் வெட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் எலக்ட்ரான் உலோகத்துக்குத் தாவிவிடும். இன்றைய குவாண்டம் கணக்கீடுகளைப் பார்த்தால் அந்தத் தாவலும் ஒரே கணத்தில் நடப்பதாகத் தெரியவில்லை, அணு எழும்ப எழும்ப மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது.

அப்படியானால் பழைய சூத்திரம் எப்படி இவ்வளவு நல்ல விடை தருகிறது? ஆரம்ப ஆற்றலையும் இறுதி ஆற்றலையும் அது சரியாக எண்ணுகிறது, நடுவில் உள்ள வழியை மட்டும் எளிமையாக்கிவிடுகிறது. எந்த உலோகத்துக்கு எவ்வளவு புலம் என்று சட்டென்று மதிப்பிட இன்றும் அதைத்தான் எடுப்பார்கள். நானும் அதையே எடுப்பேன், ஆனால் அந்த மேடு நிஜமாகவே அங்கே நிற்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

உலோகத்துக்கு உலோகம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மேலே சொன்ன வரவு செலவுதான் காரணம். டங்ஸ்டன் அணுவைப் பிரிக்கவே 8.7 எலக்ட்ரான்வோல்ட், அலுமினியத்தைப்போல் இரண்டரை மடங்கு. அதனால் டங்ஸ்டன் 57, மாலிப்டினம் 46, செம்பு 30, வெள்ளி 24, அலுமினியம் 19 என்று வரிசை அமைகிறது. பொதுவாக உருகுநிலை உயர்ந்த உலோகங்களுக்குக் கூடுதல் புலம் வேண்டும், இது கண்டிப்பான விதி இல்லை, ஆனால் கையில் அட்டவணை இல்லாதபோது உதவும்.

பரப்பிலுள்ள அணுக்களில் எது முதலில் போகும்?

அண்டை அணுக்கள் குறைவாக இருப்பதும், அதிகம் துருத்திக்கொண்டிருப்பதும் முதலில் போகும். படிக அடுக்கின் ஓரத்தில், மூலையில் நிற்கும் அணுவுக்குப் பிணைப்பும் குறைவு, அங்கே புலமும் செறிவு. ஆக இரண்டு வகையிலும் அதற்குத்தான் முதல் அடி. அது போனதும் பக்கத்து அணு ஓர அணுவாகிவிடும், பிறகு அதுவும் போகும். இப்படி அடுக்கு வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி, கடைசியில் நாலைந்து அணுக்கள் மட்டும் ஒரு கொத்தாக நின்று, அவையும் மறைந்து, அடியிலுள்ள அடுத்த அடுக்கு வெளிப்படும்.

இதற்கு ஒரு அருமையான பக்கவிளைவு உண்டு. இழைப்புளி மரத்தின் மேட்டை மட்டும் சீவித் தள்ளுவதுபோல, புலம் முதலில் மேடுகளைத்தான் உரிக்கும். மேடு போனால் அங்கே புலம் குறையும், குறைந்ததும் உரிப்பும் நின்றுவிடும். அதனால் கரடுமுரடான முனையும் கொஞ்ச நேரத்தில் அணு அளவில் வழவழப்பாகிவிடும். வேறு எந்த வழியில் மெருகேற்றினாலும் இவ்வளவு சுத்தமான உலோகப் பரப்பு கிடைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். எர்வின் முல்லர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1936-இல் பெர்லினில் புல உமிழ்வு நுண்ணோக்கியைச் செய்தார், அதில் ஊசி எதிர்முனை, வெளிவருவது எலக்ட்ரான். 1941-இல் துருவத்தை மாற்றிப் போட்டபோது டங்ஸ்டன்மேல் ஒட்டியிருந்த பேரியம் உரிந்து போவதைக் கண்டார். 1951-இல் புல அயனி நுண்ணோக்கி வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 1955 அக்டோபர் 11-இல், அவரும் அவருடைய இந்திய ஆய்வு மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் முனையில் தனித்தனி அணுக்களைப் பார்த்தார்கள். மனிதர்கள் அணுவை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான் என்று சொல்வது வழக்கம். பகதூரின் பெயர் நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக அடிபடாதது எனக்கு ஒரு குறைதான்.

படம் எப்படி விழுகிறது? குளிர்ந்த ஊசியைச் சுற்றி மிகக் கொஞ்சம் ஹீலியம் விடப்படும். நீட்டிக்கொண்டிருக்கும் அணுவுக்கு மேலே வரும் ஹீலியம் தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகி, நேர்கோட்டில் பறந்து திரையில் மோதி ஒளிரும். திரை பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் உருப்பெருக்கம் பத்து லட்சம் மடங்கைத் தாண்டும், இடையில் லென்ஸ் எதுவும் கிடையாது. ஹீலியத்தில் நல்ல படம் விழ நானோமீட்டருக்கு 44 வோல்ட் வேண்டும். டங்ஸ்டன் 57 வரை தாங்குவதால் ஆடாமல் நின்று படத்துக்கு முகம் கொடுக்கும். இரும்பு 33-இலேயே ஆவியாகத் தொடங்கிவிடுமே, அதனால் அதற்கெல்லாம் நியான், ஆர்கான் என்று இறங்கி வர வேண்டும்.

திரையில் தெரிவது ஒளிப்புள்ளிகளாலான வளையங்கள், ஒவ்வொரு வளையமும் ஒரு படிக அடுக்கின் ஓரம். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் உள்வளையம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துபோகும், உடனே அதைச் சுற்றியிருந்த வளையம் சுருங்கத் தொடங்கும். ஓர் அடுக்கு உரிந்து முடிவது அதுதான்.

எதற்கு அவ்வளவு குளிர்?

அந்த ஆற்றல் மேடு முழுக்கத் தாழ வேண்டியதில்லை, மிச்சமிருப்பதை அணு தன் வெப்ப அதிர்வால் தாண்டிவிடும். அணு வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் கோடி முறை அதிர்கிறது, ஒவ்வொரு அதிர்வும் ஒரு முயற்சி. 50 கெல்வினில் மேடு 0.1 எலக்ட்ரான்வோல்ட் சுமாருக்கு இறங்கினாலே வினாடிக்கு ஒருமுறையாவது தாண்டிவிடும். அறை வெப்பநிலையில் 0.7 இருக்கும்போதே தாண்டும். அப்படியானால் சூடாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சூட்டில் அணுக்கள் வெளியே பறப்பதோடு நிற்பதில்லை, பரப்பின்மேல் அங்குமிங்கும் நகரவும் செய்கின்றன. எந்த அணு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும் என்பதே நோக்கமென்றால் அதை அனுமதிக்க முடியாது. ஆக 20 முதல் 80 கெல்வின் வரை வைத்துக்கொள்வார்கள். இன்னும் ரொம்பக் குளிரில் வெப்பம் கைவிட்ட பிறகும் மேட்டைத் தாண்டாமல் துளைத்துக்கொண்டு போகும் குவாண்டம் வழியும் உண்டு.

துருவத்தை மாற்றி, எதிர்மின்னழுத்தம் கொடுத்தால்?

நானோமீட்டருக்கு மூன்று நான்கு வோல்ட் வந்ததுமே எலக்ட்ரான்கள் கொட்டத் தொடங்கிவிடும். அணு கிளம்பத் தேவையான புலத்தை எட்டுவதற்குள் மின்னோட்டமே முனையைச் சூடாக்கி உருக்கிவிடும். அதனால்தான் எப்போதும் நேர்முனை.

அயனி ஒற்றை மின்னூட்டத்தோடுதான் வருமா?

அலுமினியம் பெரும்பாலும் ஒன்று, இரும்பு இரண்டு, டங்ஸ்டன் மூன்று, சமயத்தில் நான்கு. ஆனால் டங்ஸ்டன் பரப்பிலிருந்து கிளம்பும்போதே மூன்றை இழந்து கிளம்புகிறது என்று அர்த்தமில்லை. முதலில் குறைந்த மின்னூட்டத்தில் கிளம்பி, பரப்புக்குச் சற்று மேலே போகும்போது, வலுவான புலத்தால் மறுபடியும் ஓர் எலக்ட்ரான் உலோகத்துக்குள் நழுவுகிறது. இதற்கு "பின்-அயனியாக்கம்" என்று பெயர். புலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயர்ந்த மின்னூட்டம். அதனால் இரட்டை அயனி எத்தனை, ஒற்றை அயனி எத்தனை என்று எண்ணிப் பார்த்தே முனையில் புலம் எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். புலத்தை அளக்க அங்கே வேறு எந்தக் கருவியையும் கொண்டுபோய் வைக்க முடியாது என்பதால் இது கையில் கிடைத்த வரம்.

சரி, இதனால் என்ன பயன்?

அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற முடிந்தால் ஒவ்வொன்றும் எது என்று கேட்கவும் முடியும். 1967-இல் முல்லரும் ஜான் பானிட்ஸும் அறிமுகப்படுத்திய ஆட்டம் புரோப் செய்வது அதைத்தான். ஊசிக்கு நிலையான மின்னழுத்தம் கொடுத்து ஆவியாகும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அதன்மேல் மிகக் குறுகிய மின்துடிப்பைக் கொடுப்பார்கள். நூறு துடிப்புக்கு ஓர் அணு போல வெளியேறும்படி வைப்பது வழக்கம். துடிப்பு தொடங்கிய நேரத்திலிருந்து அயனி உணர்கருவியில் விழும் நேரம் வரை அளந்தால் அதன் எடை தெரிந்துவிடும். 5000 வோல்ட்டில் கிளம்பும் அலுமினிய அயனி வினாடிக்கு 189 கிலோமீட்டர் வேகத்தில், பத்து சென்டிமீட்டரை அரை மைக்ரோவினாடியில் கடக்கும். கனமான அயனி தாமதமாக வரும், அவ்வளவுதான் விஷயம்.

1988-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அயனி விழுந்த இடத்தையும் பதியும் உணர்கருவியைச் சேர்த்தார்கள். விழுந்த இடம், வந்த வரிசை இரண்டையும் வைத்து ஊசியை அணு அணுவாகக் கணினியில் திரும்பக் கட்டிவிடலாம். ஒரு கோடி அணு என்றால் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு கோடி அலுமினிய அணுக்கள் சேர்ந்தால் பக்கத்துக்கு 55 நானோமீட்டர் கொண்ட கனசதுரம்தான்.

அணு உலைக் கலனின் எஃகு கதிர்வீச்சில் ஏன் நொறுங்கும் தன்மை பெறுகிறது என்று தேடியபோது சில நானோமீட்டர் அளவுள்ள செம்புத் திரள்கள் சிக்கியது இதில்தான். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சுமார் 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் படிகத்துக்குள் ஈய அணுக்கள் எப்படித் திரண்டிருக்கின்றன என்று 2014-இல் பார்த்து அந்த வயதை உறுதிப்படுத்தியதும் இதில்தான்.

சிர்க்கான் உலோகம் இல்லையே?

இல்லைதான். மின்கடத்தாத பொருளில் மின்துடிப்பு முனைவரை ஒழுங்காகப் போய்ச் சேராது. அதற்கு லேசர் துடிப்பு: புலத்தை அப்படியே வைத்துவிட்டு முனையை ஒரு நொடிப்பொழுதுக்கும் மிகச் சிறிய நேரம் சூடாக்கினால் அணு மேட்டைத் தாண்டிவிடும். 1980-லேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா அணுவும் கணக்கில் வந்துவிடுமா?

வராது. கருவியைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரைதான் பதிவாகும், மீதி உணர்கருவியின் இடைவெளிகளில் தொலைந்துபோகும். அதுகூடப் பரவாயில்லை, எல்லாத் தனிமத்தையும் சமமாகத் தொலைக்கும் இழப்பு அது.

எடைக் குழப்பம்தான் தலைவலி. கருவி அளப்பது நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை மட்டுமே. 56 நிறையுள்ள இரும்பு இரட்டை மின்னூட்டத்தோடு வந்தால் 28, சிலிக்கான் ஒற்றை மின்னூட்டத்தோடு வந்தாலும் 28. 54 நிறையுள்ள இரும்பும் ஒற்றை அலுமினியமும் 27-இல் முட்டிக்கொள்ளும். எஃகில் கொஞ்சமாகச் சேர்த்த அலுமினியத்தைத் தேடுபவருக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற ஐசோடோப்புகளின் விகிதத்தை வைத்துக் கழித்துத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, முன்பு புகழ்ந்தேனே, மேட்டை உரித்துச் சமன் செய்யும் குணம், அதுவே கலப்புலோகத்தில் காலை வாரிவிடும். எளிதில் ஆவியாகும் திரள் ஒன்று கடினமான உலோகத்துக்குள் புதைந்திருந்தால் அந்த இடம் முதலில் உரிந்து பள்ளமாகும், அங்கிருந்து வரும் அயனிகளின் பாதை வளையும், மறுகட்டுமானத்தில் திரள் உண்மையைவிட நெருக்கமாகவோ தட்டையாகவோ தெரியும். படத்தைப் பார்த்ததும் நம்பிவிடாமல், அந்த இரண்டு பொருளின் ஆவியாகும் புலங்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

ஊசி உடைந்துபோகாதா?

உடையும், அடிக்கடி உடையும். மின்புலம் பரப்பை வெளிநோக்கி இழுக்கிறது, அந்த இழுவிசை புலத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நானோமீட்டருக்கு 30 வோல்ட்டில் அது 4 கிகாபாஸ்கல், சாதாரணக் கட்டுமான எஃகு நெளியத் தொடங்கும் அளவைப்போல் பதினாறு மடங்கு. உள்ளே ஒரு சின்ன விரிசலோ பலவீனமான எல்லையோ இருந்தால் முனை சட்டென்று முறிந்து பறந்துவிடும், அதோடு பல நாள் தயாரிப்பும் போகும்.

சாதாரண மின்கம்பியிலோ ஸ்விட்சிலோ இது நடக்குமா?

நடக்காது. அங்கே பொறி பறந்து உலோகம் தேய்வது சூட்டால். உயர் மின்னழுத்தக் கம்பியில்கூடப் பரப்புப் புலம் அணு கிளம்பும் அளவுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு கீழே, அதற்கு வெகு முன்பே காற்று முறிந்துவிடும்.

ஆட்டம் புரோப்புக்கு வெளியே இதற்கு வேலை உண்டா?

உண்டு. திரவ காலியத்தால் நனைந்த ஊசிக்கு மின்னழுத்தம் கொடுத்தால் திரவம் கூம்பாக இழுபட்டு, அதன் கூர்மையான நுனியிலிருந்து காலியம் அயனியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குவித்த அயனிக் கற்றைக் கருவிகளில் பல இந்த மூலத்தில்தான் ஓடுகின்றன. ஆட்டம் புரோப்புக்கு வேண்டிய ஊசிகளை இன்று பெரும்பாலும் அந்தக் கற்றையால்தான் செதுக்குகிறார்கள், எனவே ஒரு புல ஆவியாதல் செய்து கொடுத்த ஊசியில்தான் அடுத்த புல ஆவியாதல் நடக்கிறது. ஹீலியம் அயனி நுண்ணோக்கியிலும் டங்ஸ்டன் முனையின் உச்சியில் மூன்றே மூன்று அணுக்கள் மிஞ்சும்படி முதலில் உரித்துவிட்டு, அந்த மூன்றில் ஒன்றின் மேலிருந்து வரும் கற்றையை மட்டும் பயன்படுத்துகிறார்கள். அந்த அணு கழன்றுவிட்டால் முனையை மறுபடி செப்பனிட்டு, உரித்து, புதிய மூன்றை உருவாக்க வேண்டியதுதான்.